உயிருக்கு விட்ட ஒரு சாண்

என் தங்க நைனா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இவ்வளவு நாளும் உனக்கு எழுதவில்லை. எழுதினால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்குப் பயந்துதான் சும்மா இருந்தேன். இன்று காலை முகத்துவாரத்துக்குப் போய்விட்டு வந்தேன். காலில் ஒட்டிய மணலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஆனால் ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உன் படகை எத்திராஜ் மாமா கரையேற்றி, உடைந்த இடத்தை ஒட்டவைத்துவிட்டார். நீ ஊன்றிப் படகு தள்ளும் கழியும் கிடைத்தது. ஏரிக்குள் அடித்து வந்து, கரையோரப் புதரில் செருகிக் கிடந்ததாம். ஒரு கீறல்கூட இல்லை. உன்னைவிட அதற்கு ஆயுசு கெட்டி.

அந்தக் கழியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரின் உப்பையும் மீன்குஞ்சுகளையும் பார்க்க ஒரு குழு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் எப்படி நகர்கிறது என்று கணக்கிடப் பொறியாளர்கள் ஒரு குழு. படகு போகும் வழியைக் காட்ட மிதவைகள் வடிவமைக்க இன்னொரு குழு. மூன்று குழுவுக்கும் சேர்த்து ஊரில் கிடைத்த ஒரே ஆள் நான். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள், ஒரே நாளில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன். அளவுகளை நோட்டில் எழுதுவது என் வேலை. நீங்கள் பேசுவதை அவர்களுக்கும் அவர்கள் பேசுவதை உங்களுக்கும் சொல்வதும் என் வேலை. பொறியாளர் மேடம் ஒடிசாக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது. நீயோ அவரை விட்டுவிட்டு என்னை 'மேடம்' என்று கூப்பிட்டு, கரையில் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கினாய்.

முதல் வருடம் ஆழம் அளக்கும் கருவி வந்து சேரவில்லை. அதனால் உன் கழியால் அளக்கலாம் என்றார்கள். மேடம் டேப்பை எடுத்து உன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தபோது நீ கூச்சத்தில் நெளிந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. உன் ஒரு முழம் எத்தனை சென்டிமீட்டர், அதில் பாதியான ஒரு சாண் எத்தனை என்று மில்லிமீட்டர்வரை எழுதிக்கொண்டோம். அவ்வளவு கவனமாக இருந்தோம் நாங்கள். நினைத்தால் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது.

நீ படகின் மூக்கில், அணியத்தில் நின்று கழியை ஊன்றுவாய். நான் மணல் கரையில், நீர்மட்டம் பார்க்க நட்ட கம்பத்தின் பக்கத்தில் நோட்டோடு நிற்பேன். "நாலு முழம்" என்று நீ கூவினால் நாலு முழம் என்று எழுதுவேன். "மூணு முழம் ஒரு சாண்" என்றால் அதை எழுதுவேன். கழி எதுவரை நனைந்திருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பொம்பளைப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் தாண்ட மாட்டேன் என்று நீ சொல்லியிருந்தாய். வெயிலில் கம்பத்தடியில் நிற்பதே போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒருநாள் மிதவைக் குழுவிலிருந்த தம்பி ஒரு பழைய வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்தார். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை வைத்திருந்த காலத்தில் அவர்களுடைய கப்பல்காரர்கள் வரைந்த நம் முகத்துவாரம். தண்ணீருக்கு நடுவில் பொடிப்பொடியாக எண்கள், எல்லாம் ஆழம். டச்சுக் கல்லறை வாசலில், அந்த எலும்புக்கூட்டுச் சிற்பங்களின் நிழலில் அதை விரித்துப் பார்த்தோம். நீ கையை லுங்கியில் துடைத்துவிட்டு எண்களைத் தொட்டுப் பார்த்தாய். அப்புறம் என்னிடம் சொன்னாய்.

"இந்த ஆழத்தையெல்லாம் அவனுக்குக் கூவிச் சொன்னவன் நம்மாளாத்தான் இருப்பான். ஒரு சாண் சேத்துப் படிக்கச் சொல்லு உங்க மேடத்த."

எத்திராஜ் மாமா சிரித்தார். மேடம், இவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். சும்மா கிண்டல் பண்ணுகிறார் என்று சொல்லிவிட்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான், நைனா.

அடுத்த வருடம் கருவி வந்தது. ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி ஆழத்தைக் காட்டும் கருவி, அது யாருக்காகவும் கூட்டாது, குறைக்காது. நீ அளந்த அதே இடங்களில் அளந்தார்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் கூடியிருந்தது. முகத்துவாரம் தன்னைத்தானே ஆழப்படுத்திக்கொள்கிறது என்பது பொறியாளர்களின் முடிவு. அதை எடுத்துக்கொண்டு, கடல்நீர் இனி அதிகம் உள்ளே வரும், இறால் பெருகும் என்று தண்ணீர்க் குழு எழுதியது. ஆழம் இனியும் கூடும் என்று நம்பி மஞ்சள் மிதவைகளுக்கு இடம் குறித்தது மூன்றாவது குழு. மூன்று துறை, மூன்று கண்டுபிடிப்பு. எல்லாம் என் கையெழுத்தில் இருந்த ஒரே நோட்டு.

முடிவுகளை ஊர்க் கூட்டத்தில் வாசித்தார்கள். நன்றிப் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. வெள்ளை வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் முடிவைத் தமிழில் சொன்னதும் எழுந்து நின்றாய்.

"மணலு ஏறிக்கினே கீது. ஆழமாவுதுனு எவன் சொன்னான்?"

"மெஷின் சொல்லுது நைனா, உக்காரு" என்றேன். நீயும் உட்கார்ந்தாய். மகள் சபையில் சொல்லிவிட்டாளே என்று உட்கார்ந்தாயா? உன் கழியைவிட என் நோட்டை நம்பினாயா? அதை உன்னிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டு ஊர்க்காரர்கள் போன இடத்திலெல்லாம் அந்த அறிக்கையைத்தான் காட்டினார்கள். தானாகவே ஆழமாகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். வாடைக்காற்று வந்தது. அன்று காலை நீங்கள் மூன்று பேர் கடலிலிருந்து திரும்பினீர்கள். முகத்துவாரத்தில் இருந்த மணல் திட்டில் அலை உடைந்து படகைப் புரட்டியது. மற்ற இருவரும் நீந்திக் கரையேறினார்கள். நீ வலைக்குள் இருந்தாய். உன்னைத் தூக்கிவந்தபோது அந்த மஞ்சள் மிதவை கொஞ்ச தூரத்தில் பளிச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

உன் காரியம் முடிந்த அன்று எத்திராஜ் மாமா வாசலில் உட்கார்ந்து அழுதார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"உங்க நைனா அணியத்துல நின்னா, உயிருக்குனு ஒரு சாண் வுட்டுட்டுத்தான் கூவுவான். நாங்க எல்லாரும் அப்டித்தான். பின்னால வர்ற படகு தரை தட்டக் கூடாதுல்ல. இன்னாம்மா, உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மீனவன் மகள், பி.எஸ்சி., மூன்று துறைக்கு மொழிபெயர்ப்பாளர். எனக்குத் தெரியாது. ஆனால் நீ சொன்னாய். கல்லறை வாசலில் வைத்துச் சொன்னாய், நான்தான் அதை மேடத்திடம் சொல்லவில்லை. முகத்துவாரம் ஆழமாகவே இல்லை. நீ குறைத்த சாணை மெஷின் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஊர்த் தலைவரிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். மீன்பிடிக்கிறவன் பொய் அளவு சொன்னான் என்று ஆகிவிடும், இனி நாம் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்றார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அம்மாவின் கோபம் வேறு மாதிரி.

"செத்த மனுசன பொய்யன்னு எழுதிக் குடுக்கப் போறியா? இன்னா பொண்ணு நீ?"

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த நாள் பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து மேடத்தைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏறினேன். அனுப்பம்பட்டில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. மீஞ்சூரிலும் தோன்றியது. திரும்பியிருந்தால் அடுத்த வாடையில் யார் வீட்டு வாசலில் அழுகுரல் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டு வருட வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மணல் ஒருபோதும் எல்லா இடத்திலும் ஒரே அளவு குறையாது, இதை அன்றே கேட்டிருக்க வேண்டும், நல்ல முடிவு கிடைத்த சந்தோஷத்தில் கேட்காமல் விட்டேன் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர் என் முன்னால் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு என்னவோ போல இருந்தது.

திருத்தக் குறிப்பு எழுதினோம். 'படகோட்டியின் பிழை' என்று அவர் எழுதிய வரியை நான் அடித்தேன். படகோட்டி பிழை செய்யவில்லை, படகில் வருகிறவர்களின் உயிருக்காக ஒரு சாண் குறைத்துச் சொல்வது இந்த ஊர் வழக்கம், அதை அவர் எங்களிடம் சொன்னார், மொழிபெயர்த்தவள் சொல்லாமல் விட்டாள் என்று எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார். கீழே என் கையெழுத்து இருக்கிறது. இதனால் தூர்வாரும் இயந்திரம் வந்துவிடுமா? தெரியாது, நைனா. வந்தாலும் உனக்கு என்ன?

மறுபடி அளக்க வேண்டும் என்று மேடம் இன்று வந்தார். எத்திராஜ் மாமா உன் படகைத் தள்ளினார். என்னை ஏற்ற முதலில் அவரும் தயங்கினார், நான் ஏறிவிட்டேன். அணியத்தில் நின்று, உன் கழியை நானே ஊன்றினேன். நனைந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்து எழுதினேன். கருவியும் அதையே காட்டியது. உன்னைப் புரட்டிய திட்டுக்குப் பக்கத்தில் மூன்று முழம். அதையும் அப்படியே எழுதிவிட்டேன்.

அப்போது கடலிலிருந்து ஒரு படகு பாரத்தோடு உள்ளே வந்தது. முன்னால் நின்றவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"யக்கா, எவ்ளோ கீது?"

நான் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு முழம் ஒரு சாண்" என்று கூவினேன்.

அவன் படகை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டான். மேடம் நோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இப்போது என்ன சொன்னாய் என்று கேட்டார். இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

இனி நோட்டில் கழி காட்டுவதை எழுதுவேன். படகில் நிற்பவன் கேட்டால் ஒரு சாண் குறைத்துச் சொல்வேன். எது யாருக்குச் சொன்னது என்று பக்கத்திலேயே எழுதிவைப்பேன். அம்மா என்னோடு பேசும்வரை இந்தக் கடிதத்தை அவளுக்குத் தினமும் வாசித்துக் காட்டுவேன். இது உன் கழிமேல் சத்தியம்.

இப்படிக்கு,
நீ 'மேடம்' என்று கூப்பிட்ட உன் மகள்
வசந்தி