இரண்டு பேருடைய இடுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன தடவை சொன்ன இருமல் போய்விட்டதா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். இங்கே இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் வலது மணிக்கட்டைத் தவிர. அது வீங்கியிருப்பதால் இந்தக் கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுவில் என் பேச்சும் கலந்துவிடும், பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் முந்தானையில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. எலும்பு மாதிரிகள் செய்யும் எங்கள் பட்டறையில் அம்மாவின் வேலை உனக்குத் தெரியும், இரண்டு பக்கத்து இடுப்பெலும்பையும் பின்னால் நடுவில் உட்காரும் முக்கோண எலும்பையும் சேர்த்துப் பூட்டுவது. அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக் எலும்புகள் தாமாகவே பொருந்தும், அரத்துக்கு வேலையே இல்லை, பிறகு தூள் எங்கிருந்து வரும்? கேட்டதற்கு, இடது பக்கம் உட்கார மாட்டேன் என்கிறது, ராவித்தான் பூட்ட வேண்டியிருக்கிறது, மேஸ்திரி அப்படித்தான் செய்யச் சொன்னார் என்றாள். மேஸ்திரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பசை. எது உடைந்தாலும், எது பொருந்தாவிட்டாலும் ஒட்டிவிடலாம் என்பார்.

பூட்டியது என் மேசைக்கு வரும். வெளிப்புறத்தில் புட்டத்தசைகள் தொடங்கும் இடங்களுக்கு நான் சிவப்பு பூச வேண்டும், பெரியது பின்னால், நடுத்தரமானது மேலே, சின்னது அதற்குக் கீழே. ஒற்றைக் காலில் நிற்கும்போது நம்மைச் சாயாமல் பிடிப்பது அந்த நடுத்தரம்தான் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொன்னபோது, "நாள் பூரா நிக்கிற நம்மள அது நிறுத்தி வைக்குது, உக்காந்தே அதிகாரம் பண்றவருக்கு வெறும் மெத்தையா இருக்குது" என்று பசை இருந்த பக்கம் பார்த்தாள். அன்றைக்குப் பூசும்போது இடது பக்கம் சிவப்பு அதிகம் செலவானது. எலும்பே பெரிது. தொடையெலும்பின் உருண்டையை எடுத்து இரண்டு கிண்ணத்திலும் வைத்துப் பார்த்தேன், வலதில் கச்சிதமாக நின்றது, இடதில் ஆடியது. பிறகு திருப்பி முன்பக்கத்து வளைவைப் பார்த்தேன். பெண்ணுக்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்த மாதிரி அகலம், ஆணுக்கு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்த மாதிரி ஒடுக்கம். இதில் வலது பாதி அகன்று இறங்கியது, இடது பாதி செங்குத்தாக இறங்கியது. பெண்ணின் இடது அச்சு போன மாதம் வெடித்துவிட்டது, பசைதான் கிடங்கிலிருந்து ஆணின் அச்சை எடுத்துப் போட்டு ஊற்றியிருக்கிறார்.

அக்கா, இப்படிப் பூட்டி ஏற்கெனவே அடைத்து வைத்த நூற்று நாற்பது பெட்டியும் பிரசவம் பார்க்கப் படிக்கிறவர்களுக்குப் போகிறது. குழந்தை எந்த வழியாக எப்படித் திரும்பி வரும் என்று உன்னைப் போல ஒருத்தி இதற்குள் பொம்மையை நுழைத்துத்தான் கற்றுக்கொள்வாள். அதோடு, ஒவ்வொன்றிலும் பூட்டியவரின் எண் இருக்கும். போன வருடம் திரும்பி வந்த ஒரு பெட்டிக்காக அம்மாவின் பக்கத்து மேசைக்காரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் இருப்பது அம்மாவின் எண்.

புதன்கிழமை அம்மா அரத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் கண்டுபிடித்ததைப் பசையிடம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு என்னைக் காட்டி, "வெள்ளையா இருக்கு, எலும்பு மாதிரி இருக்கு, வேற என்ன வேணும்? எட்டாவதோட நின்ன பாப்பா எனக்குப் பாடம் எடுக்குதா?" என்றார். பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது, தெரியுமே உனக்கு. அம்மாதான், "எட்டாவது படிச்சவளுக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியலைன்னா அது அவ குத்தமா?" என்று கேட்டாள். வியாழக்கிழமை நீ தொலைபேசியில், வம்பு வேண்டாம், அனுசரித்துப் போங்கள் என்றாய். அதற்கு அம்மா இப்படி எழுதச் சொல்கிறாள்: "பெரியவளே, மணிக்கட்டு நோகுதுன்னு நான் அரத்தைக் கீழ வெக்கல. உன்னைப் பெத்தப்போ ரெண்டு நாள் கெடந்தேன். அந்த எடம் எப்படி இருக்கும்னு எவனோ ஒட்டிச் சொல்ல வேண்டாம். நீ அங்க யாருக்கும் பயந்து படிக்காதே, நானும் இங்க பயந்து பூட்ட மாட்டேன்."

கஷாயம் குடி, ஈரத் தலையோடு வெளியே போகாதே, உன் வகுப்பில் இருக்கும் மாதிரியின் வளைவில் விரலை வைத்துப் பார்த்து உடனே எழுது என்கிறாள். நீ கை வைக்கும் பிரசவமெல்லாம் தாயும் பிள்ளையுமாக நல்லபடி முடிய வேண்டும், நீ நூறு வயது இருக்க வேண்டும், இது அவளுடைய ஆசீர்வாதம். கடிதத்தை இத்தோடு முடி, அக்கா கவலைப்படுவாள் என்று என்னிடம் சொல்கிறாள். ஆனால் இன்று நடந்ததை எழுதாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

இன்று சனிக்கிழமை, வண்டி வரும் நாள். முதலாளி வந்திருந்தார். நான் ஒரு மாதிரியை எடுத்து, வலது எலும்பில் பெண் என்றும் இடது எலும்பில் ஆண் என்றும் சிவப்பில் பெரிதாக எழுதிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். என்ன இது என்றார். பேச வராததால் விரல்களை விரித்து இரண்டு பக்கத்திலும் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பசை பக்கத்தில் நின்று, ஒன்றிரண்டு அப்படி வந்திருக்கும் என்றார். முதலாளி மாதிரியைத் தள்ளி வைத்துவிட்டு, "வண்டி வாசல்ல நிக்குது. இனி ஒரு பெட்டியைப் பிரிச்சாலும் அம்மாவும் பொண்ணும் திங்கக்கிழமை வர வேண்டாம்" என்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் கிடங்குக்குள் போய் முதல் பெட்டியின் நாடாவை அறுத்தேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்காகவும் எனக்காகவும்,
உன் தங்கை