அண்ணன் போட்ட கிளச்சு

8 ஜனவரி 1974, செவ்வாய்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் கேரள எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் மேட்டில் ஃபியட் மறுபடியும் இழுக்கவில்லை. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கருகல் வாசனை வேறு. பின்சீட்டிலிருந்து அப்பா, "என்ன அம்முணி, அடுப்புல ஏதாச்சும் வெச்சு மறந்துட்டியா?" என்றார். பக்கவாதம் அவர் இடது காலோடு நின்றுகொண்டது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

எப்படியோ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம். அவர் காலுக்கு மின்சார வைத்தியம் நடக்கும்போது நான் நூலகத்தில் இருப்பேன். செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களை எப்படியோ தள்ளிவிடுகிறேன். வீட்டில் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அது ஒரு காரணமாகவே படாது.

10 ஜனவரி

குப்பண்ணன் பட்டறை. கிளச்சுத் தட்டு முழுக்கத் தேய்ந்துவிட்டதாம். அடுத்த மாதம் அண்ணனுக்குச் சோழவரத்தில் கார் பந்தயம். பின்சீட்டைக் கழற்றினால் பந்தய வண்டி, மாட்டினால் வீட்டு வண்டி. எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"ஊட்டுக்குன்னா கம்பெனித் தட்டே போதுங்க, மிதிச்சா பூவாட்ட இருக்கும். ஆனா பந்தயத்துக்குத் தாங்காதுங்க," என்றார் குப்பண்ணன்.

அண்ணன் பெங்களூரிலிருந்து வேறு ஒன்று கொண்டுவந்திருக்கிறார். செம்பு கலந்த தட்டு. அதை அழுத்திப் பிடிக்கும் ஆறு ஸ்பிரிங்கும் கட்டியானவை, மிதிக்கக் கடினம்.

"மூணு கட்டி, மூணு சாதா, மாத்தி மாத்திப் போட்டா ரெண்டுக்கும் ஆவுமுங்க."

"பாதி மீசை வெச்சுட்டு ஊருக்குள்ள போகச் சொல்றயா? ஆறும் கட்டியே போடு."

"அப்பாவக் கூட்டிட்டுப் போறது நானுங்ணா," என்றேன். அண்ணனுக்கு எண்ணெய் மில்லை விட்டு வர நேரமில்லை. அப்பாவால் பஸ் படி ஏற முடியாது.

"பழகிக்குவ கண்ணு."

அப்பாவுக்காகத்தான் பேசினேனா? இல்லை, எனக்காகவா? தெரியவில்லை. அப்பாவைச் சொன்னால்தான் காது கொடுப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அதற்கும் கொடுக்கவில்லை.

13 ஜனவரி, ஞாயிறு

பாலக்காட்டுச் சித்தூர் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் ஆடுகூடக் குறுக்கே வரவில்லை. "புலியாட்டப் பாயுது பாரு," என்றார் அண்ணன். பாயத்தான் செய்தது. எங்கள் பக்கத்தில் எந்த வண்டியையும் இந்தக் காலிச் சாலையில்தான் சோதித்துப் பார்ப்பார்கள். செக்போஸ்ட் வரிசையில் யாரும் சோதிப்பதில்லை.

18 ஜனவரி, வெள்ளி

திரும்பும்போது எல்லையில் நீண்ட வரிசை. யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று ஒவ்வொரு வண்டியாகத் துழாவுகிறார்கள். ஓரடி நகர வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி ஓரடி. ஒவ்வொரு தடவையும் கிளச்சைத் தரைவரை மிதிக்க வேண்டும். முழங்கால் வெடவெடத்தது. மெதுவாக விட்டாலும் அந்தத் தட்டு மெதுவாகப் பிடிப்பதில்லை. வண்டி துள்ளித் துள்ளி அணைந்தது. கடைசித் துள்ளலில் முன்னால் நின்ற வைக்கோல் வண்டியை இடித்தேன்.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "மாட்டப் பத்தறதுக்கு என்றகிட்டச் சாட்டை இருக்குதுங் அம்முணி," என்றார்.

ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பாவின் கால் முன்சீட்டில் மோதியது. அவர் கதவைத் திறந்தார். இங்கே பஸ் பயணிகள் இறங்கி, செக்போஸ்ட்டை நடந்து கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏறுவது வழக்கம். "நானும் அப்படியே போறேன். உன்ற வண்டிக்கு என்ற காலே தேவல."

வண்டியை விட்டு இறங்க எனக்கு வழியில்லை. கைத்தடியோடு அவர் ஒவ்வொரு லாரியாகப் பிடித்து நின்று நின்று போவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்து அந்தப் பக்கம் போனபோது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

22 ஜனவரி

இன்றும் இறங்கினார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

7 பிப்ரவரி

வண்டி சோழவரத்தில். எங்கும் போகவில்லை.

12 பிப்ரவரி

அண்ணன் நான்காவதாக வந்திருக்கிறார். "கிளச்சு அசையல பாத்தியா," என்றார். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

15 மார்ச், வெள்ளி

டாக்டர் அப்பாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். கைத்தடி இல்லாமலே நடந்தார். தினமும் எங்கே நடக்கிறீர்கள் என்று கேட்டார்.

"தினமும் இல்லீங்க. செக்போஸ்ட்டுல மட்டுந்தானுங்க."

டாக்டர் சிரித்தார். இனி மின்சார வைத்தியம் வேண்டாம், மருந்தும் வேண்டாம், நடந்தால் போதும், இங்கே வர வேண்டியதில்லை என்றார்.

சந்தோஷம்தான். நிஜமாகவே சந்தோஷம்தான். கிளச்சு பூப்போல இருந்திருந்தால் அவர் வண்டியை விட்டு இறங்கியிருக்கவே மாட்டார். திரும்பும்போது வரிசையை ஒட்டி அவர் வேகமாகப் போவதைப் பார்த்தேன். கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா என்று இருந்தது. என்ன பெண் நான்.

19 மார்ச், செவ்வாய்

நூலகத்துக்குப் போகும் பழக்கத்தில் சீக்கிரம் குளித்துவிட்டேன். பிறகு பருப்பு புடைத்தேன்.

22 மார்ச், வெள்ளி

அண்ணன் மில்லுக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். "ஆறுச்சாமி, கார் சாவிய அவகிட்டக் குடு. கோயம்புத்தூர்ல எனக்கு மருந்து வாங்கோணும்."

"மருந்துச் சீட்டைக் குடுங்க, ஆள விட்டு வாங்கிக்கறனுங்க."

"அந்தக் கடை அவளுக்குத்தான் தெரியும்."

அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேடியபடியே, "அவசரமில்ல அம்முணி. நிதானமாப் பாத்து வாங்கிட்டு வா," என்றார். பிறகு தோட்டத்துப் பக்கம் நடக்கப் போய்விட்டார்.

டாக்டர் எந்த மருந்தும் எழுதித் தரவில்லை.