மணியில் பழுதில்லை என்றேன்

அக்கா,

நேற்று துணி அறையில் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் கஞ்சி வாடை அடித்தது, வெளுத்து வந்த விரிப்புகளின் வாடை. ஏணியில் ஏறி நின்றபோது அலமாரி விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டுகள் கண்ணுக்கு நேராக வந்தன. விரிப்பு 27. தலையணை உறை 17. ஒவ்வொரு ஏழுக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து அப்படி ஏழு போடுகிறவர்கள் இந்த ஆஸ்பத்திரியில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கோட்டை அவ்வளவு நேராக, அடிக்கோல் வைத்த மாதிரி இழுக்கிறவர் நீங்கள் ஒருவர்தான்.

"இந்தச் சீட்டெல்லாம் இன்னுமா இருக்கு?" என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த துணி அறைக்காரம்மாவைக் கேட்டேன்.

"கிழிக்க மனசு வரலப்பா. அந்த அக்கா போன மாசம் போய்ட்டாங்களே, ரெட்டியார்பாளையத்துல, அவங்க தம்பி வீட்டுல. நாலு நாள் காய்ச்சலாம். உனக்குத் தெரியாதா? நீதான எந்நேரமும் அவங்களோட பேசினு இருப்ப?"

பல்பை மாட்டினேன். எரிந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எழுதத் தெரிந்ததெல்லாம் பழுது அறிக்கைதான். எங்கே பழுது, எப்போது தெரிந்தது, என்ன காரணம், என்ன செய்யப்பட்டது. அப்படி ஒரு அறிக்கையை உங்களைப் பற்றியும் எழுதினேன். அது உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் மதராசில் மின்சாரம் படித்து முடித்து வந்து சேர்ந்த புதிது. வேலை நிரந்தரமாகவில்லை. நீங்கள் நர்ஸாக இருந்த ஆண்கள் வார்டில் நாற்பத்திரண்டு படுக்கைக்கும் அழைப்பு மணி வைக்கச் சொன்னார்கள். நானே வரைந்து நானே கம்பி இழுத்தேன். ஒவ்வொரு படுக்கைத் தலைமாட்டிலும் ஒரு பொத்தான். உங்கள் மேசைக்கு மேலே நாற்பத்திரண்டு சின்ன விளக்குகள் கொண்ட ஒரு பலகை, அதன் பக்கத்தில் மணி. யார் அமுக்கினாலும் அவருடைய விளக்கு எரியும், மணி அடிக்கும். நர்ஸ் அந்தப் படுக்கைக்கே போய்ச் சுவரில் இருக்கும் விசையைத் தட்டினால்தான் நிற்கும். அந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

"மேசையில இருந்தே நிறுத்த முடியாதா, முசியே எஞ்சினியர்?" என்று பிரெஞ்சு மரியாதையோடு கேலியாகக் கேட்டீர்கள்.

"முடியாது. அதுதான் இதுல விசேஷமே. ஏமாத்த முடியாது."

ஏமாற்ற என்ற வார்த்தையைச் சொன்னேன், அக்கா. பத்தொன்பது வருடம் படுக்கைப் பக்கத்திலேயே நின்ற உங்களிடம். நீங்கள் கோபப்படவில்லை. உதவிக்கு இருந்த பெண்ணைப் பார்த்து, "கேட்டியாடி, கல்யாணம் பண்ணாமலே எனக்கு ஒரு மாமியார் வந்துட்டா" என்றீர்கள். வார்டே சிரித்தது.

முதல் சில வாரங்கள் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. நீங்கள் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வீர்கள். ஒருத்தர் பக்கத்துப் படுக்கைக்காரன் குறட்டை விடுகிறான் என்று அமுக்கினார். இன்னொருத்தர், "ஒண்ணுமில்ல நர்ஸம்மா, வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார். மூன்றாவது ஆள் தன் மருமகளைப் பற்றிச் சொல்வதற்காகவே அமுக்கினார். நான் சிரித்துவிட்டு, "பழகிடும்" என்றேன்.

அவர்கள் பழகிக்கொண்டார்கள். உங்களுக்குத்தான் பழகவில்லை. ஒரு நேரத்துக்கு ஒரே நர்ஸ். பன்னிரண்டாம் படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது முப்பதில் மணி அடிக்கும். முப்பதுக்கு ஓடி விசையைத் தட்டுவதற்குள் நாலில் அடிக்கும். மழைக்காலம் வந்து வார்டு நிறைந்தபோது மணி நின்ற நேரம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. நான் அதைக் கேட்டுக்கொண்டே நடந்து போவேன். மணி அடித்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு அர்த்தம்.

உங்களிடம் வந்த மாற்றத்தையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டே இருப்பீர்கள். சோப்பு கரைந்து போன பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் தண்ணீர் கேட்ட பெரியவரிடம், "நான் செத்தாதான் விடுவீங்களா?" என்று கத்தினீர்கள். பிறகு நீங்களே தண்ணீர் கொண்டுபோய் அவர் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தீர்கள். பாதி அவர் சட்டையில் சிந்தியது.

அன்றைக்கு மருந்து அறை வாசலில் நின்று என்னிடம் சொன்னீர்கள்.

"வீட்டுக்குப் போனாலும் காதுல அடிச்சுனே இருக்குது தம்பி. என் தம்பி பொண்டாட்டி சாமிக்கு மணி ஆட்டினாகூட எழுந்து ஓடறேன். அதுகூடப் பரவால்ல. முன்னெல்லாம் ஒருத்தர் போய்ட்டா எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. இப்ப இன்னா தோணுது தெரியுமா? அப்பாடா, ஒரு படுக்கை காலியாச்சுன்னு தோணுது. இப்படி நெனைக்கறவ இங்க நிக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதவே கை கூசுகிறது. "சர்க்யூட்ல தப்பில்லக்கா. ஆளு பத்தல. அது என் வேலை இல்ல" என்றேன். காரணம் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள். சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன்.

பிறகு அந்த வீராம்பட்டினத்துக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய உடம்புக்காரர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், பதினோராம் படுக்கையில் கிடந்தார். பொத்தான் அவர் தலைமாட்டிலும் இருந்தது, வலது பக்கத்தில். எல்லாப் படுக்கைக்கும் ஒரே மாதிரி வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம், ஐந்து விளக்குகள் ஒன்றாக எரிந்தன. நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனீர்கள். பதினொன்றில் விளக்கு எரியவில்லை. கடைசியில் அங்கே போனபோது கஞ்சி தொண்டையில் அடைத்து அவர் போய்விட்டிருந்தார். அந்த மணிச் சத்தத்தில் அவர் திணறியது யாருக்கும் கேட்கவில்லை.

அவர் மனைவி கூடையோடு வந்து நின்றார். "கூப்புட்டாரா நர்ஸம்மா?" என்று உங்களைக் கேட்டார். நீங்கள் அவர் கையிலிருந்து கூடையை வாங்கிக் கீழே வைத்தீர்கள். நான் அங்கேதான் ஒரு விளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் வார்டில் மணிச் சத்தம் குறைந்தது. நான் கவனிக்கவில்லை. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்து படுத்திருந்தார். அமுக்கினேன், அடிக்கவே இல்லை என்று ஆஸ்பத்திரி அதிகாரியிடம் புகார் சொன்னார். அதிகாரி என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும், "உன் மணி ஊமையாய்யா? இதுக்குத்தான் மதராசுல படிச்சியா?" என்றார். காது சுட வந்து மணிப் பெட்டியைத் திறந்தேன். அடிக்கிற சுத்திக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் பஞ்சு, மேலே பிளாஸ்திரி. காயத்துக்குக் கட்டுப் போடுவது போல ஓரம் மடித்துச் சுத்தமாக ஒட்டியிருந்தது. யார் கை என்று கேட்க வேண்டியதே இல்லை.

நீங்கள் மறைக்கவில்லை.

"நான்தான் வெச்சேன். விளக்கு எரியுது இல்ல? அது போதும், பாத்துனே இருக்கேன், போறேன். அமுக்கத் தெம்பு இருக்கறவன் கொஞ்ச நேரம் பொறுப்பான் தம்பி. அமுக்க முடியாதவன் மூச்சு விடறது எனக்குக் கேக்கணும். உன் மணி அடிச்சா அது கேக்கல."

கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் யோசித்திருக்க வேண்டியதை நீங்கள் பஞ்சை வைத்துச் செய்துவிட்டீர்கள். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் ஏற்பாடு என்னுடையதை விடச் சரியானது. ஆனால் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்குப் போய், பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: பணியிலுள்ள நர்ஸ் வேண்டுமென்றே மணியை அடைத்துள்ளார். என் மணி ஊமை இல்லை என்று காட்ட வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

விசாரணை வைத்தார்கள். பெரிய மனிதரின் புகாரால் வந்தது என்றே நீங்கள் நினைத்தீர்கள். அன்று காலை படிக்கட்டில் என்னை நிறுத்தி, "நீ ஒரு வார்த்தை சொல்லு தம்பி. நான் சொன்னா சாக்குன்னு நெனைப்பாங்க. நீ படிச்சவன், மெஷின் தெரிஞ்சவன், நீ சொன்னா கேப்பாங்க. நாப்பத்திரெண்டு படுக்கைக்கு ஒரு ஆளு பத்தாது, இது மணியால தீராது. அது மட்டும் சொல்லிடு. என்னை வார்டுல இருந்து மட்டும் எடுத்துடாம இருந்தா போதும்" என்றீர்கள். "எனக்கு வேற வேலை தெரியாது" என்றும் சொன்னீர்கள். நான் தலையாட்டினேன்.

உள்ளே அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "மணியில் பழுது உண்டா, இல்லையா?"

"மணியில் பழுதில்லை சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். "வேற ஏதாவது சொல்றியா?" என்றுகூடக் கேட்டார். கேட்டார் அக்கா. நான் இல்லை என்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

உங்களை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டார்கள். வெளியே வந்ததும் நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். "உனக்கு வேலை நிரந்தரமாவல. பயந்துட்ட. போவுது வுடு."

துணி அறையில் சத்தமே கிடையாது. நீங்கள் தேறிவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தபோது விரிப்புகளை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தீர்கள். "எப்படிக்கா இருக்கு?" என்றேன். "இங்க யாரும் சாவறதில்ல" என்றீர்கள். பிறகு, "யாரும் பொழைக்கறதும் இல்ல" என்றீர்கள்.

ஆறு மாதம் கழித்து நான் மணியை மாற்றி அமைத்தேன். அமுக்கினால் மூன்று முறை அடித்துவிட்டு ஓயும். விளக்கு மட்டும் நர்ஸ் வரும்வரை எரியும். பக்கவாதக்காரர்களுக்குப் பொத்தானை இடது பக்கமும் மாற்றிக்கொள்ளலாம். அதிகாரி முதுகில் தட்டினார். வேலை நிரந்தரமானது.

அந்த வாரமே நீங்கள் விரிப்புக் கட்டோடு வார்டுக்கு வந்தீர்கள். வாசலில் நின்று கேட்டீர்கள். மணி அடித்து ஓய்ந்தது. மின்விசிறிச் சத்தமும் இருமலும் மூச்சும் கேட்டன.

"இப்ப நல்லா இருக்கு தம்பி. யாரு யோசனை?"

"என்னுதுதான்" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு விரிப்புகளை மேசைமேல் வைத்தீர்கள். எண்ணச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்த வருடமே வேலையை விட்டுவிட்டீர்கள். ரெட்டியார்பாளையம் வழியாக நான் மாதத்துக்கு நாலு தடவை சைக்கிளில் போகிறேன். உங்கள் தம்பி வீடு எந்தத் தெருவில் என்று தெரியும். ஒருநாளும் திரும்பவில்லை. அடுத்த தடவை, அடுத்த தடவை என்று மூன்று வருடம் போய்விட்டது.

இப்போது வார்டில் நர்ஸாக ஒரு சின்னப் பெண். கடலூர் பக்கம். இரண்டு வாரமாகக் குழாயடியில் நெடுநேரம் நிற்கிறாள். முந்தாநாள் ஒரு நோயாளியின் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணா, நான் கெட்டவளாயினு வர்றேன்" என்று சிரித்தாள். நீங்கள் கேட்ட அதே கேள்வியை அவள் கேட்கவில்லை. தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டுவிட்டாள்.

இன்று காலை அதிகாரி அறைக்குப் போனேன். அதே அறை, ஆள் வேறு. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அந்த மணியின் யோசனை என்னுடையதல்ல, உங்களுடையது என்று சொன்னேன். அந்த அறிக்கையை எழுதினவன் நான் என்று சொன்னேன். நாற்பத்திரண்டு படுக்கைக்கு ஒரு நர்ஸ் பத்தாது, இது மணியால் தீராது, இந்தப் பெண்ணும் இன்னும் ஆறு மாதம் தாங்க மாட்டாள் என்றும் சொன்னேன்.

"அந்தம்மாதான் இல்லியேய்யா. இப்ப எதுக்கு இத கெளர்ற? ஆள் போடறது உன் வேலையா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை மறுபடி வர்றேன் சார்."

முறைத்தார். வந்துவிட்டேன். இதை வைத்து என்னை மன்னியுங்கள் என்று கேட்கவில்லை. வேலை நிரந்தரமான பிறகு யார்தான் பேச மாட்டார்கள்? வெளியே வராந்தாவில் நின்றபோது எனக்கு உறைத்தது வேறு. எல்லாவற்றையும் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அக்கா. அன்றைக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.