ஓரடி தவறினால்

அன்பு மகள் மஹிராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் விருத்தாசலத்தில் நானும் உன் அம்மாவும் தங்கை சுஹைனாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் போனில் நன்னா நன்னா என்று என்னைக் கூப்பிடும் பேரன் ரயீஸும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய், இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மங்கலம்பேட்டை ரியாஸ் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. ரயீஸ் தமிழ்ப் பாட்டை ஒப்பிக்கும்போது நடுவில் மறந்துவிட்டானாம், எங்க அத்தா சட்டம்தான் நம்ம வூட்லயும், ஓரடி தவறினா ஓரடின்னு ஸ்கேலால ஒண்ணு வச்சேன் என்று சொல்லிச் சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். பாட்டில் ஓரடி விட்டால் முதுகில் ஓரடி, அந்தப் பேச்சை நானே கண்டுபிடித்து பீங்கான் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டவன், மஹிரா.

சுஹைனாவுக்கு அடுத்த வாரம் பி.எட். பரீட்சை, கற்றல் உளவியல். புத்தகத்தை என்னிடம் கொடுத்து, தான் ஒப்பிப்பதைச் சரிபார்க்கச் சொன்னாள், நானும் பழைய பழக்கத்தில் வரிமேல் விரலை வைத்துக்கொண்டேன். பயந்து படிக்கிற பிள்ளை பாடத்தைக் கற்பதில்லை, அடிக்குத் தப்பிக்கத்தான் கற்கிறது என்றாள். புத்தகத்தில் அப்படி இல்லையே என்றேன். சொந்தமா சொன்னாதான் அத்தா புரிஞ்சிருக்குதுன்னு அர்த்தம் என்று சிரித்தாள்.

எனக்கு உன் பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள் ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரனின் துணைப்படைத் திட்டம் என்றால் என்ன என்ற கேள்விக்கு, காவலுக்கு வந்தவனுக்குச் சோறு போடப்போய் கடைசியில் வீட்டையே எழுதிக் கொடுத்த கதை என்று எழுதியிருந்தாய். புத்தகத்தில் உள்ளபடி எழுதவும் என்று சிவப்பு மையில் போட்டு மார்க்கைக் குறைத்திருந்தார்கள். நான் உன் வலது கையில் அடித்துவிட்டு அந்தக் கையாலேயே இருபது தடவை புத்தக விடையை எழுதச் சொன்னேன். அழுதுகொண்டே எழுதினாய். நாள் முழுக்க அச்சில் மண்குழம்பை ஊற்றி ஒரே மாதிரி சாமான் எடுக்கிறவனுக்கு, கொஞ்சம் மாறி வந்தால் கழிவு என்றுதான் தெரிந்தது. அடுத்த பரீட்சையில் முழு மார்க் வாங்கினாய், ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதை நான் அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது, என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னை ஒப்பிக்கச் சொன்ன பாட்டுகளில் ஓரடிகூட எனக்குத் தெரியாது. புத்தகம் என் கையில் இருந்தது, உன் கையில் இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

ரியாஸிடம் முறுக்கு டப்பாவும் இருக்கிறது, வாங்கிக்கொள். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே மஹிரா, இனி ரயீஸ் ஓரடி மறந்தால் ஸ்கேலை எடுக்காமல் எனக்குப் போன் போடு. அது உன் நன்னாவுக்கும் தெரியாதுடா என்று நானே அவனிடம் சொல்கிறேன்.

உன் அத்தா,
அமீனுதீன்