ஏழாம் கட்டம் எங்கே?

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவுக்கு முட்டிவலி தேவலை. நாலு வருஷமாக நீ பதில் போடவில்லை. போகட்டும், இந்தக் கடிதத்தை மட்டும் கிழிக்காமல் படி.

பின்பக்கம் ஓர் அறை கட்ட அனுமதி கேட்டிருந்தோம். அளக்க ஒரு சர்வேயர் அம்மா வந்தார். முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடியும் கருவி, மறுபடியும் படம். என் வாய்தான் சும்மா இருக்காதே, என்ன சங்கதி என்று கேட்டேன்.

படத்தை விரித்துக் காட்டினார். நிலம் முழுக்கச் சதுரக் கட்டங்கள். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை. வடகிழக்கு மூலையில் ஒன்று, அப்படியே மேற்கே போனால் ஆறு. அடுத்த வரிசையும் கிழக்கிலிருந்துதானே தொடங்கும் என்று நினைப்போம்? இல்லையாம். ட்ராக்டர் வயல் ஓரம்வரை போய்த் திரும்பி வருகிற மாதிரி, ஆறுக்கு நேர் கீழே ஏழு. அங்கிருந்து கிழக்கே வந்தால், ஒன்றுக்குக் கீழே பன்னிரண்டு. அடுத்த எண் எப்போதும் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்குமாம். அடேயப்பா, என்னமாய் யோசித்திருக்கிறார்கள் என்று நான் ரசித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"உங்க பத்திரத்துல ஏழுன்னு இருக்கு. நீங்க வீடு கட்டியிருக்கறது பன்னிரண்டுலம்மா."

படத்தில் விரலை வைத்து நானும் எண்ணினேன். பன்னிரண்டுதான்.

அப்பா எனக்கு எழுதியது ஏழு, உனக்குப் பன்னிரண்டு. கட்டம் எண்ணியது மாமா, தலையாட்டியது நான். இரண்டாவது வரிசையையும் கிழக்கிலிருந்தே எண்ணித் தொலைத்தோம். கிணறும் நல்ல மண்ணும் உன்னுடையவை. பாறைதான் என்னுடையது. "எனக்குப் பாறைதானாக்கா?" என்று நீ கேட்டாய். அப்பா எழுதியதை மாற்ற நான் யார் என்று உன் வாயை அடைத்தேன். நீ அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இருவரும் கையெழுத்துப் போட்டால் நிலத்தை மாற்றி எழுதிக்கொள்ளலாமாம். மாமா மறுநாளே படிவம் வாங்கி வந்துவிட்டார். விவரம் ஒன்றும் எழுதாதே, கையெழுத்து மட்டும் வாங்கு என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. படிவத்தை அனுப்பவில்லை. படத்தின் நகலைத்தான் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயே எண்ணிப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒருமுறை வா, தம்பி. கேட்டைத் தட்ட வேண்டாம், அது உன் கேட். உள்ளே வந்து, எங்களை இருக்கச் சொல்வதும் போகச் சொல்வதும் உன் இஷ்டம்.

உன் அக்கா