தைலம் குடித்த ரப்பர்

எங்கிருந்தாலும் "துணி காஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு,

காயவில்லை. அருவங்காட்டில் ஆடி மழை விட்டபாடில்லை, பகலிலும் பனிமூட்டம். உனக்குத் தெரியாததா? ஆனால் வேறொரு சேதி இருக்கிறது. உன் வாஷிங் மெஷினின் வாய் ரப்பரை மாற்றிவிட்டோம். கண்ணாடிக் கதவைச் சுற்றித் தண்ணீர் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளுமே, அந்தச் சாம்பல் நிற ரப்பர். திட்டாதே, முழுசாகக் கேள்.

நீ போன பிறகு வீட்டைக் கழுவிவிட்ட அன்று, யாரோ உன் யூகலிப்டஸ் தைல பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு சொட்டுத் தைலம் கிடையாது. ஆனால் அடுத்த தடவை மெஷின் கதவைத் திறந்தேன், உன் வாசம் முகத்தில் அடித்தது. நீ குனிந்து துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அதே வாசம். கதவை அறைந்து சாத்திவிட்டு முன்னறைக்கு ஓடிவந்துவிட்டேன். பெற்ற தாயிடம் என்னடி பயம் என்று கேட்பாய். பயமாகத்தான் இருந்தது அம்மா.

அப்பாவுக்குப் பயமே இல்லை. காய்ந்த ஸ்வெட்டரை முகத்தில் வைத்து முகர்ந்துவிட்டு, "உங்கம்மா தொவைச்சிருக்கா" என்பார். ஏதோ நீ கடைக்குப் போயிருக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார். நான் மறுத்துப் பேசியதே இல்லை. ஒருவேளை நானும் நம்பினேனோ?

இதற்குள் ரப்பர் கிழிந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அப்பா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. அப்போதும் பிடிவாதம்தான். "ஒழுகுனா ஒழுகட்டும் கண்ணு. கீழ ஒரு பழைய துணியப் போட்டுக்கலாம். அவ மெஷின நோண்டாத" என்றார். அடுத்த தடவை இடுப்பு எலும்பு போனால் யார் பார்ப்பது? நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. குன்னூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துவிட்டேன்.

அவர் மெஷின் வாயைச் சுற்றியிருந்த கம்பி வளையத்தை நெம்பி எடுத்து ரப்பரை உரித்தார். அது ஊறிய அப்பளம் போலக் கையோடு வந்தது. "ஏனுங்கக்கா, இதுல எண்ணெய் கிண்ணெய் தடவுனீங்களா? ரப்பர் உப்பிப்போயிக் கெடக்குதுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனிக்கு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கிறதென்று, ஒவ்வொரு தடவை துவைத்த பிறகும் தைலத்தில் துணியை நனைத்து நீ துடைத்ததை எப்படிச் சொல்வேன்? சளிக்கும் அதுதான், எறும்புக்கும் அதுதான், மெஷினுக்கும் அதுதான் உனக்கு. பூஞ்சை போனது நிஜம்தான். கூடவே ரப்பரும் போய்விட்டது. அது குடித்து வைத்திருந்த தைலத்தைத்தான் இத்தனை நாள் எங்கள் துணிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் அவர் ரப்பர் மடிப்புக்குள் விரலை விட்டு வழித்தார். உன் ஊக்கு ஒன்று வந்தது. அதைச் சுற்றி நீளமாக ஒரு நரைமுடி. அவர் சாதாரணமாக அதைப் பேண்ட்டில் துடைக்கப் போனார். "இங்க குடுங்க" என்று அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

புது ரப்பர் போட்டுத் துவைத்த ஸ்வெட்டர் அடுப்புச் சூட்டில் ஒருவழியாகக் காய்ந்தது. அப்பா எடுத்து முகர்ந்தார். திருப்பிப் போட்டு முகர்ந்தார். கைப்பகுதியை முகர்ந்தார். வெறும் சோப்பு வாசம். என்னை நிமிர்ந்து பார்த்து,

"அப்ப அவ போயிட்டாளா கண்ணு?" என்றார்.

உன்னை எடுத்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்த மனுஷன், அம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். அந்த ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு, மெஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதேன். நீ அன்றைக்குத்தான் செத்துப்போனாய்.

பழைய ரப்பரை மெக்கானிக்கிடம் கொடுக்க அப்பா விடவில்லை. பின்பக்கம் விறகுக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. மூட்டம் இறங்கும் நாட்களில் அந்த வாசம் வீட்டுக்குள் வருகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கிழிந்த ரப்பர் மணக்குமா? ரப்பர்தானா, நீயா? அப்பா வேலையில்லாமல் கொட்டகைக்குப் போய் நின்றுவிட்டு வருகிறார்.

பனி உள்ளே போய்விடும் என்று துவைத்த கையோடு மெஷின் கதவை இறுக்கிச் சாத்துவாயே, அதுவும் தப்பாம். திறந்தே வைத்தால்தான் ரப்பர் காயும் என்று மெக்கானிக் சொன்னார். நேற்றுப் பழக்கதோஷத்தில் சாத்தப் போனேன். "மூடிராத கண்ணு" என்று அப்பா முன்னறையிலிருந்து ஓடிவந்தார். ரப்பருக்காக ஓடிவந்த முகமில்லை அது.

புது ரப்பரில் தைலம் பட விடமாட்டேன். அப்பாவை ஈரத்தில் நடக்க விடமாட்டேன். அந்தக் கதவை எப்போதும் மூடமாட்டேன். இனி உன்னைப் பார்த்து ஓடவும் மாட்டேன் அம்மா.

துணி இன்னும் காயவில்லை என்ற சேதியோடு,
உன் மூத்தவள் வாசுகி