மணிக்கூண்டு வௌவால்களும் அம்மாவின் தடைச்சட்டமும்

ஜூலை 7, திங்கள்

உலக மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது: இன்று காலை முதல் எங்கள் வீட்டில் ‘பைத்தியம்’, ‘லூசு’, ‘கிறுக்கு’, ‘மறை கழண்டது’ ஆகிய சொற்கள் தடை செய்யப்பட்டுள்ளன. சட்டம் இயற்றியவர் அம்மா. காரணம் சித்தப்பா. மனநல மருத்துவமனையில் மூன்று மாதம் இருந்துவிட்டு நேற்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். இனி அம்மா என்னை எதைச் சொல்லித் திட்டுவாள்? பாவம், சொல்வளத்தில் பாதி போயிற்று.

ஜூலை 9, புதன்

இன்று ஆங்கில மரபுத்தொடர்கள். நடத்தியவர் கமா. வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர். வார்த்தைக்கு வார்த்தை நின்று மூச்சு வாங்குவார். இங்கிலீஷ்காரனுக்குப் புத்தி பேதலித்தால் கோலிகளைத் தொலைத்துவிட்டான் என்பார்களாம். இல்லையென்றால் மணிக்கூண்டில் வௌவால் புகுந்துவிட்டதாம். பிக்னிக் கூடையில் ஒரு சாண்ட்விச் குறைகிறதாம். நமக்கு ஒரு மறை கழண்டால் போதும், அவனுக்கு ஒரு கடைத்தெருவே வேண்டியிருக்கிறது.

ஆனால் சட்டத்தில் ஓட்டை கிடைத்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அப்பா அதை வீடெல்லாம் தேடினார்.

“அப்பா, உங்க மணிக்கூண்டுல வௌவால் பறக்குது.”

“ஜன்னலைச் சாத்துடா” என்றார்.

நான் மேதை.

ஜூலை 13, ஞாயிறு

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அப்பாதான் “இன்னும் ஒரு மாசம் போகட்டும்” என்று இழுக்கிறார். சித்தப்பாவின் கருவிப் பை பரண்மேல் ஒளிந்திருக்கிறது. மிக்சி மூடி உடைந்தால்கூட அவர் கண்ணில் படாமல் கடைக்குப் போகிறது. அம்மா அவரிடம் பேசுவதைப் பார்த்தால், தூங்கும் குழந்தையின் காதருகே பேசுவது போல இருக்கிறது.

மதியம் சாப்பிடும்போது அப்பா தண்ணீர் ஜக்கில் உப்பைக் கொட்டினார். என் வாய் சும்மா இருக்குமா?

“இவரு லிஃப்ட் கடைசி மாடி வரைக்கும் போகாது” என்றேன். கமா தந்த பட்டியலில் இதுவும் ஒரு ‘மறை கழண்ட’ தொடர்.

அம்மா கிள்ளிய இடம் இன்னும் எரிகிறது.

சித்தப்பா நிதானமாகச் சொன்னார்: “போகலன்னா லிஃப்ட் மேல தப்பில்லடா. உள்ள பாரம் அதிகம். ரெண்டு பேரு இறங்கினா தானா கிளம்பும்.”

சொல்லிவிட்டு அப்பாவையும் அம்மாவையும் பார்த்தார். அப்பாவுக்குப் புரை ஏறியது. இருமலா சிரிப்பா தெரியவில்லை.

“அண்ணா, அடுத்த வாரம் நான் வேலைக்குப் போறேன்.”

அப்பா உப்பு ஜக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார். “சரிடா. போ.”

ஜூலை 14, திங்கள்

வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: இந்த வீட்டில் சித்தப்பாவை மனுஷனாக நடத்துகிறவன் நான் ஒருவன். மற்றவர்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் உள்ளூர உதறல். எனக்குத் துளி பயம் கிடையாது. பள்ளியிலும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

சித்தப்பா வேலைக்குக் கிளம்பினார். அப்பாவே பரணில் ஏறிக் கருவிப் பையை எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சித்தப்பா என்னிடம் சொன்னார்: “டேய், உன் ரூம் தாழ்ப்பாள் ராத்திரியில ரொம்பக் கத்துதுடா. எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். இனிமே சத்தமில்லாம போட்டுக்கலாம்.”

குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. போய்விட்டார்.

அவர் வருவதற்கு முன் அந்தத் தாழ்ப்பாளை நான் தொட்டதே இல்லை. வந்த பிறகு ஒரு ராத்திரிகூடப் போடாமல் விட்டதில்லை. அம்மா போட்டுக்கொள்ளவில்லை. அப்பா போட்டுக்கொள்ளவில்லை.

வீரன் நான் ஒருவன்தான்.